திரும்பி வராத கிடாரமும் தானா அழியிற பதிவுகளும்

கோண்டாவில்ல எங்கட மாமா கலியாண வீடு, அந்தியேட்டி, அன்னதானம் எண்டு எல்லாத்துக்கும் கதிரை, கிடாரம், தகரப்பந்தல் வாடகைக்குக் குடுக்கிறவர். கொப்பியில எழுதிக்கொண்டிருந்தவருக்கு நான் கூகுள் சீட்டுக்கு மேல ஆப்சீட்டில ஒரு சின்ன ஆப் செய்து குடுத்தனான், கோட் எழுதத் தேவையில்லை, போனிலயே எல்லாம் பதியலாம். கொஞ்ச நாளில பழைய பதிவுகள் குவிஞ்சு போச்சு, அதில ஆக்களின்ர போன் நம்பர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் கிடக்குது. வேலை முடிஞ்ச பிறகும் அதுகளை வச்சிருக்கிறது எனக்குச் சரியாப் படேல்ல. இலங்கையின்ர 2022ம் ஆண்டின் 9ம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவைக்கு மேல வச்சிருக்கக் கூடாது எண்டுதான் சொல்லுது. அதால, சாமான் திரும்பி வந்து 60 நாள் கழிஞ்ச பதிவைத் தானாவே அழிக்கிற மாதிரி ஆப்சீட்டில ஒரு பொட், அதாவது தானா ஓடுற ஒரு வேலை, போட்டன்.

பொட் செய்யிறது இவ்வளவுதான்: நீங்கள் சொன்ன நேரத்துக்கு எழும்பும், டேபிளில ஒவ்வொரு பதிவாப் பார்த்து நிபந்தனைக்குச் சரிவாறதை எடுக்கும், அதுக்கு டிலீட் ஆக்சனைக் குடுக்கும். நான் சீட்டில ஒரு கட்டம் வச்சு, திரும்பின திகதி இண்டைய திகதியில 60 கழிச்சதை விடச் சின்னனா எண்டு பார்க்க விட்டன், ஓம் எண்டால் பொட் அழிச்சுப் போடும்.

ரெண்டு நாளால மாமா கோல் எடுக்கிறார்.

"தம்பி, பெரிய கிடாரம் ஆரிட்ட நிக்குது? ஆப்பில காணேல்ல."

போய்ப் பார்த்தால், திரும்பி வந்த பழைய பதிவுகளோட இன்னும் திரும்பி வராத சாமானின்ர பதிவுகளும் சேர்ந்து போயிட்டுது. ஏனெண்டால் சீட்டுக்குத் திகதி எண்டது உள்ளுக்க வெறும் எண், 1899 டிசம்பர் 30தான் அதுக்குப் பூச்சியம், அங்கயிருந்து ஒவ்வொரு நாளா எண்ணிக்கொண்டு வரும். திகதி போடாத வெறும் கட்டத்தை ஒப்பிடச் சொன்னால் அதைப் பூச்சியமா எடுக்கும், அதாவது அந்தக் கிடாரம் 1899லயே திரும்பி வந்திட்டுது எண்டு கணக்கு! எது கட்டாயம் இருக்கவேணுமோ அதைத்தான் முதல்ல அழிச்சிருக்கு. நல்லகாலம், சீட்டின்ர பழைய பதிப்பில இருந்து திருப்பி எடுத்தன். இப்ப நிபந்தனையில "திகதி வெறுமையா இல்லை" எண்டதும் சேர்ந்து நிக்குது, இதைச் சேர்க்காமல் விடவே கூடாது.

அதோட, வரிசை நம்பரை வச்சு அழிக்காதேங்கோ. 5ம் வரியை அழிச்சா 6ம் வரி மேல ஏறி 5 ஆகும், அடுத்ததா 6ஐப் பார்க்கப் போற புரோகிராம் ஏறினதைப் பார்க்காமலே தாண்டிப் போயிடும். கீழ இருந்து மேல அழிக்கவேணும், இல்லாட்டி ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத ஒரு ஐடி குடுக்கவேணும். ஆப்சீட்டில யூனிக்ஐடி எண்ட பங்சன் 8 எழுத்தில அதைத் தரும்.

நேரத்தையும் பாருங்கோ, எங்கட நேரம் கிரீன்விச்சை விட அஞ்சரை மணித்தியாலம் முன்னுக்கு. கிரீன்விச் நேரத்தில ஓடுற சேர்வருக்கு, செவ்வாய் விடிய 2 மணி இன்னும் திங்கள் இரவு எட்டரைதான், அப்ப "இண்டைக்கு" எண்டு அது எடுக்கிறது நேற்றைய நாள்.

இப்ப பொட் நேர அழிக்கிறேல்ல, முதல்ல "அழிக்கலாம்" எண்டு அடையாளம் மட்டும் போடும், ஒரு கிழமை கழிச்சுத்தான் மற்றப் பொட் வந்து அழிக்கும், இடையில மாமா ஞாயிற்றுக்கிழமையில ஒருக்காப் பார்த்துவிடுவார்.

ஆனா என்னைக் காப்பாத்தின அந்தப் பழைய பதிப்பிலதான் அழிச்ச அடையாள அட்டை இலக்கங்களும் இருந்தது, சீட்டில வரி போனாலும் அங்க கிடக்குது. அதால இப்ப அந்த இலக்கத்தை ஆப்பில ஏத்திறதே இல்லை. மாமா ஒரு துண்டில எழுதி வச்சிருந்து, சாமான் வந்த உடன அந்தத் துண்டை அவையின்ர கையிலயே குடுத்துவிடுறார்.