ரெசிடென்சி ரிக்வயர்மென்ட்: குடியிருப்புத் தகுதி

அமெரிக்க நகரத் தேர்தல் செய்திகளில் அடிக்கடி தலைகாட்டும் சொல் ‘ரெசிடென்சி ரிக்வயர்மென்ட்’. மேயராகவோ கவுன்சிலராகவோ போட்டியிட விரும்புபவர் குறிப்பிட்ட காலம் அந்த நகர எல்லைக்குள் குடியிருந்திருக்க வேண்டும் என்ற விதி அது. சில நகரங்கள் போலீஸ்காரர், தீயணைப்பு வீரர், அலுவலக எழுத்தர் வரைக்கும் இந்த விதியை நீட்டுகின்றன. வேட்பாளருக்கு இது போட்டியிடும் தகுதி. ஊழியருக்கு வேலையில் நீடிக்கும் நிபந்தனை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘செடேரே’ என்றால் உட்கார். முன்னால் ‘ரே’ ஒட்டி ‘ரெசிடேரே’ ஆனதும் இருந்த இடத்திலேயே தங்கிவிடுதல் என்று பொருள் விரிந்தது. நம் ‘இரு’ என்ற வினையும் இதே வழியில்தான் போயிருக்கிறது. ‘இருக்கை’ உட்காரும் இடம், ‘இருப்பிடம்’ வாழும் இடம். சமஸ்தானங்களில் கிழக்கிந்தியக் கம்பெனி வைத்திருந்த ‘ரெசிடென்ட்’ துரையும், ஆஸ்பத்திரியே கதியென்று கிடக்கும் ‘ரெசிடென்ட்’ டாக்டரும் இந்தச் சொல்லின் உறவுக்காரர்கள். லாட்ஜ்களுக்கு ‘ரெசிடென்சி’ என்று ஏன் பெயர் வைக்கிறார்கள் என்பதுதான் புரியவில்லை, அங்கே யாரும் நிலையாகத் தங்குவதில்லை.

சரி, ஒருவர் ஓர் ஊரில் ‘வசிக்கிறார்’ என்பதற்கு எது அடையாளம்? இரவில் படுத்துத் தூங்கும் இடமா, திரும்பி வருவேன் என்று மனத்தில் வைத்திருக்கும் இடமா? சிகாகோவில் 2011-ல் இது பெரிய வழக்கானது. ராம் இமானுவேல் 2009 ஜனவரி முதல் 2010 அக்டோபர் வரை அதிபர் ஒபாமாவின் தலைமை அலுவலராக வாஷிங்டனில் இருந்தார். சிகாகோ வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார். மேயர் பதவிக்கு நிற்க ஊர் திரும்பியபோது குடியிருந்தவர் காலி செய்ய மறுத்துவிட்டார். போதாக்குறைக்குத் தானும் மேயர் தேர்தலுக்கு மனுப்போட்டுப் பிறகு விலகிக்கொண்டார். நம்மூர் வாடகைத் தகராறுகூட இந்த அளவுக்குப் போனதில்லை.

இலினாய் மாநிலச் சட்டப்படி வேட்பாளர் தேர்தலுக்கு முன் ஓராண்டாவது நகரத்தில் வசித்திருக்க வேண்டும். இமானுவேல் சிகாகோ வீட்டுக்குச் சொத்துவரி கட்டியிருந்தார், வாக்கையும் அங்கேதான் போட்டிருந்தார். மனைவியின் கல்யாண உடை உட்பட வீட்டுச் சாமான்கள் அந்த வீட்டின் நிலவறையில் பெட்டிகளில் கிடந்தன. தேர்தல் ஆணையமும் கீழ்க்கோர்ட்டும் இது போதும் என்றன. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜனவரி 24-ஆம் தேதி இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மறுத்தது: வாக்காளராக இருப்பது வேறு, வேட்பாளராக நிற்க உண்மையிலேயே அங்கு வாழ்ந்திருப்பது வேறு. அவர் பெயர் இல்லாமலே வாக்குச்சீட்டு அச்சாகத் தொடங்கியது. மூன்றே நாளில் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஓர் ஊரில் ஒருமுறை குடியேறியவர் அதைக் கைவிடும் எண்ணத்தோடு போனால் ஒழிய அங்கேயே வசிப்பவராகக் கருதப்படுவார் என்பது தீர்ப்பின் சாரம். அதற்கு அவர்கள் துணைக்கு அழைத்தது 1867-ல் வந்த ஒரு தீர்ப்பை. பிப்ரவரியில் இமானுவேல் ஜெயித்தார்.

டெட்ராயிட்டில் சிக்கல் நாள்கணக்கில் வந்தது. மேயர் பதவிக்கு நிற்க விரும்பிய மைக் டக்கன் 2012 ஏப்ரல் நடுவில் நகரத்துக்குள் குடிவந்து, 2013 ஏப்ரல் தொடக்கத்திலேயே மனுப்போட்டுவிட்டார். நகர சாசனப்படி மனுப்போடும் நாளில் ஓராண்டு முடிந்திருக்க வேண்டும். இரண்டு வாரம் குறைந்தது. கடைசித் தேதி மே மாதம்தான், கொஞ்சம் பொறுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. வாக்குச்சீட்டிலிருந்து பெயர் நீக்கப்பட்டது. அப்புறம் வாக்காளர்களே அவர் பெயரைக் கைப்பட எழுதி முதற்கட்டத் தேர்தலில் முதலிடம் கொடுத்தார்கள், நவம்பரில் மேயரும் ஆனார்.

ஊழியர் விதிக்கு முக்கியமான வழக்கு பிலடெல்பியாவினுடையது. 16 ஆண்டு பணிபுரிந்த தீயணைப்பு வீரர் ஒருவர் பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சிக்குக் குடிபெயர்ந்ததால் வேலை போனது. 1976-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விதி செல்லும் என்றது. ஊர் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குபவர் அந்தப் பணத்தை ஊரிலேயே செலவழிக்கட்டும், அவசரத்துக்குக் கூப்பிட்ட குரலுக்கு வரட்டும் என்பது விதியை ஆதரிப்பவர்களின் வாதம். பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடமும் கட்டுப்படியாகும் வாடகையும் எங்கே கிடைக்கிறதோ அங்கே இருக்கட்டும் என்பது எதிர்வாதம். விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கியில் 1938 முதல் இருந்த விதியை 2013-ல் மாநிலச் சட்டம் ஒழித்தது. 2016-ல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றது. சிகாகோவில் விதி தொடர்ந்ததால் மவுன்ட் கிரீன்வுட் போன்ற நகர விளிம்புப் பகுதிகளில் போலீஸ், தீயணைப்புக் குடும்பங்கள் நிறைந்தன. எல்லைக்கோட்டைத் தாண்டாமல் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம்!

தமிழில் இதை என்ன சொல்லலாம்? ‘குடியுரிமைத் தகுதி’ என்று எழுதுவது தவறு. குடியுரிமை நாட்டோடு சம்பந்தப்பட்டது. ‘வசிப்பிட நிபந்தனை’ சரிதான், ஆனால் சற்று மொட்டையாக இருக்கிறது. ‘குடி’ என்பதற்கு வீடு, குடும்பம், ஊர்மக்கள் என்று மூன்று பொருளும் உண்டு. விதி கேட்பதும் ஏறக்குறைய அந்த மூன்றையும்தான். அதனால் வேட்பாளருக்குக் ‘குடியிருப்புத் தகுதி’, ஊழியருக்குக் ‘குடியிருப்பு நிபந்தனை’ என்று பிரித்துச் சொல்வது என் தேர்வு. இமானுவேல் வழக்கில் மோதிய இரண்டு கருத்துகளுக்கும் நம் விண்ணப்பப் படிவங்களிலேயே பெயர் இருக்கிறது: தற்காலிக முகவரி, நிரந்தர முகவரி.

விதியும் நமக்குப் புதிதல்ல. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921) சபையின் வாரியங்களுக்குக் குடவோலையில் பெயர் இடப்படுபவர் வரி கட்டும் நிலம் உடையவராகவும், ‘தன் மனையிலே அகம் எடுத்துக்கொண்டு’ இருப்பவராகவும், 35 வயதுக்கு மேல் 70-க்குக் கீழ் உள்ளவராகவும் இருக்க வேண்டும் என்கிறது. மனை என்றால் வீட்டுக்கான நிலம், அகம் என்றால் வீடு. பிராமண வீடுகளில் இன்றும் புழங்கும் ‘ஆம்’, ‘ஆத்து’ எல்லாம் இந்த அகம்தான். அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம், எல்லாருக்குமான சபை அல்ல. வாடகைக்கு இருப்பவருக்கு அங்கே இடமே கிடையாது. சிகாகோவில் வாடகைக்குக் குடியிருப்பவரும் மேயராகலாம்.

இன்றைய தமிழ்நாட்டு உள்ளாட்சித் தேர்தலில் இந்தத் தகுதி வாக்காளர் பட்டியல் வழியாக வருகிறது. அந்த மாநகராட்சியின் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், நிற்கும் வார்டிலேயே வீடு இருக்க வேண்டியதில்லை. பட்டியலில் சேர ஓர் இடத்தில் ‘சாதாரணமாக வசிப்பவராக’ இருக்க வேண்டும். 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆவது பிரிவுப்படி, சொந்த வீடு இருப்பதாலேயே ஒருவர் அங்கு வசிப்பவர் ஆகிவிட மாட்டார். கொஞ்ச காலம் வெளியூர் போனதாலேயே வசிக்காதவர் ஆகிவிடவும் மாட்டார்.