மெய்நிகர்: நாடக அரங்கிலிருந்து வந்த ஒரு சொல்

‘வர்ச்சுவல் ரியாலிட்டி’ (தமிழில் மெய்நிகர்) என்றதும் முகத்தில் மாட்டிக்கொள்ளும் கருவியும் கணினி விளையாட்டும்தான் பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இந்தச் சொற்சேர்க்கையை இன்றைய பொருளுக்கு நெருக்கமாக முதலில் எழுதியவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் ஒரு நாடகக்காரர். பிரெஞ்சு நாடகாசிரியர், நடிகர், கவிஞர் அந்தோனன் ஆர்த்தோ (1896–1948). ‘ரசவாத அரங்கம்’ என்ற கட்டுரையில் ‘ரியாலித்தே விர்த்துவெல்’ (வர்ச்சுவல் ரியாலிட்டி என்பதன் பிரெஞ்சு வடிவம்) என்று எழுதினார். அது 1932இல் புவனோஸ் ஐரஸ் நகரின் ‘சுர்’ இதழில் ஸ்பானிய மொழியில் வெளியானது, பிறகு 1938இல் ‘அரங்கமும் அதன் இரட்டையும்’ நூலில் பிரெஞ்சில் சேர்ந்தது. அந்த நூல் வெளிவந்தபோது ஆர்த்தோ மனநல விடுதியில் அடைபட்டிருந்தார். இன்று நாம் கணினி என்று சொல்லும் கருவி அப்போது கிடையாது.

அவர் சொன்னது இதுதான்: ரசவாதிகளின் குறியீடுகள் கானல்நீர், அரங்கமும் கானல்நீர். பாத்திரங்கள், பொருள்கள், பிம்பங்கள் எல்லாம் சேர்ந்து உருவாக்கும் ‘அரங்கின் விர்த்துவெல் மெய்ம்மை’ எந்தத் தளத்தில் இயங்குகிறதோ, அதே தளத்தில்தான் ரசவாதக் குறியீடுகளும் இயங்குகின்றன. இரும்பைப் பொன்னாக்குவதும், ஓர் ஆளை ராஜாவாக்குவதும் அவருக்கு ஒரே வகை வேலை. கானல்நீர் என்று அவர் சொன்னதை ஏமாற்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மேடையில் ராஜா இல்லை, நடிகர்தான் இருக்கிறார். ஆனால் ராஜா அழும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறதே, அந்த அடைப்பு பொய்யா? இல்லாத ஒன்று உண்மையான விளைவைத் தருகிறது, அதுதான் விஷயம்.

சொல்லின் வேருக்குப் போனாலும் இதையேதான் காண்கிறோம். லத்தீனில் ‘விர்’ என்றால் ஆண். அதிலிருந்து வந்த ‘விர்த்துஸ்’ ஆண்மை, வீரம், ஆற்றல் என்று விரிந்தது. நம்மிடம் வழங்கும் வீரம் என்ற வடசொல்லும் இந்த ‘விர்’ரும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை. இடைக்கால லத்தீனில் ‘விர்த்துவாலிஸ்’ என்ற வடிவம் வந்தது. உருவில் இல்லாவிட்டாலும் ஆற்றலில் இருப்பது என்று பொருள். விதைக்குள் மரம் இருக்கிறது என்கிறோமே, அந்த மாதிரி இருப்பு. ஆக, வர்ச்சுவல் என்ற சொல்லில் போலி என்ற வாசனையே முதலில் கிடையாது. செயல்படும் ஆற்றல் என்பதுதான் அதன் உயிர்.

கணினி உலகில் இந்தச் சொல்லைப் பரப்பியவர் ஜேரன் லேனியர். 1980களில் விபிஎல் ரிசர்ச் என்ற நிறுவனத்தை நடத்தி, தலையில் மாட்டும் திரையும் கையுறையும் விற்றவர். கருவி அவருக்கும் முந்தையது, ஐவன் சதர்லாந்து 1968இலேயே தலையில் அணியும் கணினித் திரையைச் செய்து காட்டிவிட்டார். மைரன் க்ரூகர் 1970களில் இதேபோன்ற கலைப்பணியைச் செய்தபோது ‘செயற்கை மெய்ம்மை’ என்று பொருள்படும் வேறொரு பெயரை வைத்தார், அது நிலைக்கவில்லை. நிலைத்தது வர்ச்சுவல்தான்.

அப்புறம் வியப்பான ஒன்று. ஆர்த்தோ சொல்லை மட்டும் விட்டுப்போகவில்லை, ஏறக்குறைய அதன் அமைப்பையே எழுதிவைத்துவிட்டுப் போனார். ‘குரூர அரங்கு’ என்ற தன் நாடகக் கொள்கை குறித்த அவருடைய முதல் அறிக்கையும் 1932இல் வந்ததுதான். அதில் மேடை வேறு, பார்வையாளர் பகுதி வேறு என்ற பிரிவே கூடாது என்கிறார். ஏதாவது ஒரு கொட்டகையை எடுத்துக்கொண்டு, நடுவில் அசையும் நாற்காலிகளில் பார்வையாளர்களை உட்காரவைத்து, நாற்புறமும் நாடகத்தை நடத்த வேண்டும், அவர்கள் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டும் என்கிறார். இன்று கருவியை மாட்டிக்கொண்டு சுழல் நாற்காலியில் உட்கார்ந்து 360 பாகைக் காணொலி பார்ப்பவர் செய்வது வேறென்ன? நாடகம் எழுதும் முறையையும் அவர் புரட்டிப் போட்டார். வசனத்தை எழுதி முடித்துவிட்டு அதை மேடையேற்றுவது என்பது அவருக்கு ஏற்பில்லை, அரங்கம் என்ற வெளியிலேயே எழுத வேண்டும் என்றார்: ஒளியால், ஒலியால், அசைவால், உடலால். 1935 மே மாதம் பாரிஸில் தன்னுடைய ‘சென்சி’ நாடகத்தை நடத்தியபோது, பதிவு செய்த தேவாலய மணியோசையை அரங்கின் மூலைகளில் வைத்த ஒலிபெருக்கிகள் வழியே பார்வையாளர்களைச் சூழவிட்டார். 17 முறை மேடையேறியதோடு அந்த நாடகம் நின்றுபோனது. இருந்தாலும், டிஜிட்டல் கலையின் படைப்பு முறையை அன்றைக்கே ஒருவர் கையாண்டிருக்கிறார் என்றே நான் அதைப் பார்க்கிறேன்.

சரி, இன்னொருவராக மாறும்போது ‘நான் யார்’ என்ற கேள்வியும் எழுகிறதே, அது இதில் யாருக்கு வருகிறது? மேடையில் இன்னொருவராக மாறுபவர் நடிகர். மெய்நிகரில் மாறுபவர் பார்வையாளர். 1990களின் தொடக்கத்தில், நாடகம் படித்துக் கணினிக்கு வந்த பிரெண்டா லாரல், ரேச்சல் ஸ்ட்ரிக்லாந்துடன் சேர்ந்து கனடாவின் பான்ஃப் நகரில் ‘ப்ளேஸ்ஹோல்டர்’ என்ற படைப்பைச் செய்தார். உள்ளே போகிறவர் காகமாகவோ பாம்பாகவோ சிலந்தியாகவோ மீனாகவோ மாறலாம், காகமானால் கையை அடித்துப் பறக்கலாம். பெயரும் ஊரும் படிப்பும் அங்கே உதவாது, கை அசைந்தால்தான் காகம். கூத்தில் வேடம் கட்டியவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

ஷார் டேவிஸ் 1995இல் மான்ட்ரியலில் காட்டிய ‘ஆஸ்மோஸ்’ இன்னும் ஆழமானது. அதில் கைப்பிடி, பொத்தான் எதுவும் கிடையாது. மூச்சை இழுத்தால் மேலே எழுவீர்கள், விட்டால் கீழே இறங்குவீர்கள், உடலைச் சாய்த்தால் திசை மாறும். நடிகரின் ஒவ்வொரு உணர்ச்சிக்கும் ஒரு மூச்சு உண்டு, நடிகர் என்பவர் நெஞ்சத்தின் விளையாட்டு வீரர் என்று ஆர்த்தோ எழுதியதை வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள். உடலை மறக்கடிக்கும் தொழில்நுட்பம் என்று பலரும் குறை சொல்லும் ஒன்று, நல்ல கலைஞர் கையில் மூச்சைக் கவனிக்கவைக்கிறது.

இனி தமிழ்ச்சொல். தமிழ்நாட்டுப் பள்ளி இயற்பியலில் ஆடி, வில்லை பாடங்களில் மெய் பிம்பம், மாய பிம்பம் என்று படித்திருப்போம். அந்தப் பழக்கத்தில் சிலர் ‘மாய உலகம்’, ‘மாய யதார்த்தம்’ என்று எழுதுகிறார்கள். இது சரிவராது. மாய யதார்த்தம் என்பது இலக்கியத்தில் லத்தீன் அமெரிக்கப் புனைவு வகைக்கு ஏற்கெனவே வழங்கும் பெயர். அதைவிட, மாயம் என்றதுமே பொய் என்ற எண்ணம் வந்துவிடுகிறது, வேர்ச்சொல்லில் இருந்த ஆற்றல் காணாமல் போய்விடுகிறது. ‘தோற்ற மெய்ம்மை’ பரவாயில்லை, ஆனால் தோற்றம் கண்ணோடு நின்றுவிடுகிறது.

மெய்நிகர் என்பதுதான் என் தேர்வு. நிகர் என்றால் ஒப்பு, ஈடு. மெய் என்றால் உண்மை, உடல் என்று இரண்டுமே. அதனால் இந்தச் சொல் உண்மைக்கு நிகரானது என்றும் சொல்கிறது, உடலுக்கு நிகரானது என்றும் சொல்கிறது, மூல மொழிகளில்கூட இந்த இரண்டாவது பொருள் கிடையாது. தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்ற எட்டையும் மெய்ப்பாடு என்கிறது. உள்ளே எழுவது மெய்யில் படுவதால் மெய்ப்பாடு. ஆர்த்தோ தேடியதும் டேவிஸ் செய்ததும் இந்த மெய்யோடுதான் சம்பந்தப்பட்டவை.

‘மெய்நிகர் உண்மை’ என்று நீட்ட வேண்டாம், மெய் என்பதிலேயே உண்மை இருக்கிறது. மெய்நிகர்க் கலை, மெய்நிகர் அரங்கு, மெய்நிகர்க் கருவி, மெய்நிகர் வெளி என்று தேவையான பெயரைச் சேர்த்துக்கொண்டாலே போதும். அதேசமயம் வர்ச்சுவல் என்று ஆங்கிலத்தில் வருகிற இடத்திலெல்லாம் இதைப் போட்டுவிடவும் கூடாது. ‘வர்ச்சுவல் மீட்டிங்’ மெய்நிகர்க் கூட்டம் அல்ல. அதில் பேசுபவர்களும் உண்மை, பேச்சும் உண்மை, கூடுகிற இடம்தான் மாறியிருக்கிறது. இணையவழிக் கூட்டம், காணொலிக் கூட்டம் என்று எழுதலாம். ‘வர்ச்சுவலி முடிந்துவிட்டது’ என்றால் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, அவ்வளவுதான். இயற்பியல் பாடத்தில் மாய பிம்பம் அப்படியே இருக்கட்டும், அங்கே அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.