இளைப்பு மாத்திரையும் நிறுத்திய பீடியும்

"பீடியை விட்டுப் பத்து நாளாச்சுங்க" என்று பெருமையோடு சொல்லிக்கொண்டே மருந்துச் சீட்டை நீட்டிய பெரியவரின் விரல்கள் நடுங்கின. நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சிக்காகப் பல ஆண்டுகளாகத் தியோஃபிலின் மாத்திரை சாப்பிட்டு வருபவர் அவர். மூன்று நாளாக இருந்த குமட்டலையும் படபடப்பையும் தூக்கமின்மையையும் பித்தம் என்று எண்ணிச் சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த சீட்டோ, சிறுநீர்த் தொற்றுக்காக வேறொரு மருத்துவர் எழுதிய சிப்ரோஃப்ளாக்சசின். அதை எடுத்துக் கொடுக்காமல் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

தியோஃபிலின், காஃபின், கோக்கோவில் உள்ள தியோபுரோமின் ஆகிய மூன்றும் சாந்தின் என்னும் வேதிப்பொருள் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1888-இல் ஆல்பிரெக்ட் கோசெல் என்ற ஜெர்மானிய அறிஞர் தேயிலையிலிருந்து தியோஃபிலினைப் பிரித்தெடுத்தார். அதற்காக, டீ குடித்தாலே இளைப்பு அடங்கிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு குவளைத் தேநீரில் இருப்பது மருந்தாகப் பயன்படாத அளவு. நம் கடைகளில் எட்டோஃபிலினுடன் கூட்டாகவும், டாக்சோஃபிலின், அசிப்ரோஃபிலின் என்ற பெயர்களிலும் விற்கப்படுபவை இதன் உறவுகளே.

மூச்சுக்குழாயின் தசையைத் தளர்த்தும் 'சைக்ளிக் ஏஎம்பி' என்னும் பொருளைச் சிதைக்கின்ற பாஸ்போடைஎஸ்டரேஸ் நொதியை இம்மருந்து தடுப்பதால், தசை இளகிக் குழாய் விரிகிறது. ஆனால் அதே நொதி இதயத்திலும் இருக்கிறது. மூளையையும் இதயத்தையும் அமைதிப்படுத்தும் அடினோசின் என்னும் பொருள் செல்களில் வந்து பொருந்தும் இடங்களான ஏற்பிகளையும் இம்மருந்து அடைத்துவிடுகிறது. படபடப்பும் தூக்கமின்மையும், அளவு மிகும்போது வலிப்பும் வருவது பெரும்பாலும் இதனால்தான். டாக்சோஃபிலின் இந்த ஏற்பிகளை அவ்வளவாகத் தொடுவதில்லை என்பதால் சற்று மென்மையானது.

இரத்தத்தில் லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை பயனுள்ள அளவு என்று நெடுங்காலம் கருதப்பட்டது. இப்போது 5 முதல் 15 போதும் என்பதே பலரின் கருத்து. 20-ஐத் தாண்டினால் நச்சு. சிலருக்கு வாந்தி என்ற முன்னறிவிப்பே இல்லாமல் நேராக வலிப்பே வந்துவிடுவதுண்டு என்பதால், 'ஒத்துக்கொள்ளாவிட்டால் முதலில் வயிறு சொல்லிவிடும்' என்று நம்பியிருக்க முடியாது.

இம்மருந்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைக் கல்லீரல்தான் உடைக்கிறது, அதில் பெரும்பங்கு சிஒய்பி 1ஏ2 என்ற நொதிக்கு. பீடி, சிகரெட் புகையிலுள்ள ஹைட்ரோகார்பன்கள் இந்த நொதியைப் பெருக்கிவிடுவதால், புகைக்காதவர் உடலில் பாதியாகக் குறைய 8 மணி நேரம் எடுக்கும் மருந்து, புகைப்பவர் உடலில் 4, 5 மணி நேரத்திலேயே குறைந்துவிடுகிறது. எனவே புகைப்பவருக்கு அளவைக் கூட்டி எழுத நேர்கிறது. அவர் பீடியை விட்டதும் ஒரு வாரத்துக்குள் நொதி தணிந்துவிட, மாத்திரையின் அளவு மட்டும் பழையபடியே நீடிக்கிறது. அந்த நிலையில், அதே நொதியை முடக்கும் சிப்ரோஃப்ளாக்சசினும் சேர்ந்தால் என்னவாகும் என்று விளக்கத் தேவையில்லை. தொற்றுக்கான எரித்ரோமைசின், வயிற்றுப்புண்ணுக்கான சிமெடிடின் ஆகியவையும் இவ்வாறே அளவை ஏற்றும். கடுங்காய்ச்சலும் இதயச் செயலிழப்பும் கல்லீரல் நோயும்கூட ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான ஃபெனிடாயினும் மாறாக அளவை இறக்கிவிடும். அப்போது இளைப்பு திரும்பும்.

உள்ளிழுக்கும் மருந்துகள் வந்தபின் ஆஸ்துமாவில் இதன் இடம் சுருங்கிவிட்டது. இருந்தும், பஃப் பழக்கமாகிவிடும் என்று அஞ்சி மாத்திரையையே கேட்பவர்கள் நாள்தோறும் வருகிறார்கள். நேராக நுரையீரலுக்குச் செல்லும் பஃப்பைவிட, உடல் முழுதும் பரவும் இந்த மாத்திரைக்குத்தான் அஞ்ச வேண்டும் என்பது என் எண்ணம். மெதுவாகக் கரையும் வகையைப் பொடித்தோ மென்றோ விழுங்கினால், 12 மணி நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக உடலில் இறங்கும். ஊசியாகப் போடும்போதும் வேகமாக ஏற்றினால் இதயத்துடிப்பு தாறுமாறாகும். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மருத்துவர் அன்றே இசிஜி எடுக்கச் செய்து, தியோஃபிலினை இரண்டு நாள் நிறுத்தி, பிறகு குறைந்த அளவில் தொடங்கினார். தொற்றுக்கும் வேறு மருந்து எழுதினார். அடுத்த வாரம் நடுக்கமின்றி வந்த பெரியவர், "அப்ப மறுபடி பீடி புடிச்சா பழைய டோஸே தாங்குமா?" என்று கேட்டார். பீடிச் செலவும் மிச்சம், மாத்திரைச் செலவிலும் கொஞ்சம் மிச்சம் ஐயா, அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்றேன்.