விறைக்கிற விரலுக்கு ஏன் ஸ்கான்?

கிளிநொச்சியில் தையல் வேலை செய்யும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "இரவிலை பெருவிரலும் பக்கத்து ரெண்டு விரலும் விறைச்சுப்போகுது. கையை உதறினால்தான் நித்திரை. டொக்டர் ஸ்கான் எழுதித் தந்திருக்கிறார். வயித்துப் பிள்ளையைப் பாக்கிற மிசினிலை நரம்பு தெரியுமோ?"

வடிவாகத் தெரியும். மணிக்கட்டின் எலும்புகளுக்கும் அவற்றை மூடிய தடித்த நார்ப்பட்டிக்கும் இடையில் ஒடுங்கிய வழி ஒன்று உண்டு. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும், பெருவிரலுக்கும் பக்கத்து விரல்களுக்கும் உணர்வு தரும் நடு நரம்பும் அதற்குள்ளால்தான் போகின்றன. உள்ளே அழுத்தம் கூடினால் நெரிபடுவது நரம்பு. சின்னவிரலுக்கு வேறு நரம்பு என்பதால் அது தப்பிவிடும்.

இந்த ஸ்கான் உடலுக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வருவதைப் படமாக்குகிறது. வயிற்றுக்கு 2 முதல் 5 மெகாஹேர்ட்ஸ் (வினாடிக்கு 20 முதல் 50 இலட்சம் அதிர்வு) ஒலி போதும். மணிக்கட்டுக்கு 12க்கு மேல் வேண்டும். 15 மெகாஹேர்ட்ஸில் அலைநீளம் 0.1 மில்லிமீற்றர்தான்; அதனால் நுணுக்கம் தெரியும், ஆழம் குறையும். நரம்போ தோலுக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது.

ஆனால் திரையில் நரம்பும் தசைநாண்களும் பக்கத்தில் பக்கத்தில் சின்னப் பொட்டுகள். எது எது? டொக்டர் தோலில் வைத்த கருவிமுனையைச் சில பாகை சரிக்கிறார். வெள்ளையாக மின்னிய தசைநாண்கள் அத்தனையும் அப்படியே கறுத்துப்போகின்றன. நரம்பு மட்டும் பெரிதாக மாறாமல் நிற்கிறது! தசைநாணின் இழைகள் ஒரே திசையில் நெருங்கிக் கிடப்பதால் கண்ணாடி போல நடந்துகொள்கின்றன: நேரே பட்ட ஒலி நேரே திரும்பும், சரிந்து பட்டால் வேறு பக்கம் போய்விடும். நரம்பிலோ இழைக்கட்டுகளைச் சுற்றி உறைகள் பின்னிக் கிடக்கின்றன. எப்படிச் சரித்தாலும் கொஞ்ச ஒலி திரும்பி வரும். கை நடுங்கினாலே படம் கெட்டுவிடும் என்ற குறையையே அடையாளமாக்கிய இந்த வித்தையை எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

பிறகு நரம்பின் ஓரத்தை வரைந்து பரப்பை அளப்பார்கள். ஒடுங்கிய இடத்துக்கு முன்னால் நரம்பு வீங்கும். வழியின் வாயிலில் அது 10 சதுர மில்லிமீற்றரைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். முன்கையில் அளந்ததைப்போல் 1.4 மடங்குக்கு மேல் என்றாலும் அப்படித்தான். ஊசியோ சத்திரசிகிச்சையோ செய்தபின் வீக்கம் வற்றுகிறதா என்று பார்க்க முதல் அளவு தேவை. கிளினிக் கொப்பியில் அதை எழுதித் தரும்படி கேளுங்கள்.

வாதம் என்று நூல் கட்டி மாதக்கணக்கில் இருப்பவர்களைப் பார்க்க மனம் பதைக்கிறது. அதற்குள் பெருவிரலடித் தசையே வற்றிவிடலாம். வன்னி ஆஸ்பத்திரிகளுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் கட்டடத்துக்கு முன் இந்தக் கருவிமுனைக்கும் அதைப் பிடிக்கப் பழகிய கைகளுக்கும் ஒதுக்க வேண்டும் என்பேன்.

ஒன்று: ஆரம்ப நிலையில் அளவு சரியாகவே இருக்கக்கூடும். அப்படியிருந்தும் விறைப்பு நிற்கவில்லை என்றால், நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை மின்சாரத்தால் அளக்கும் சோதனையைப் பற்றி டொக்டரிடம் கேளுங்கள்.