அமெரிக்கக் கல்விக்கடன்: தவணை திரும்பிவிட்டது, தள்ளுபடி என்ன ஆயிற்று?

2022 ஆகஸ்டில் அதிபர் பைடன் கல்விக்கடன் தள்ளுபடியை அறிவித்த மறுநாள் சேலத்திலிருந்து சித்தப்பா போன் செய்தார். "அப்போ நம்ம பையன் கடனும் போயிடுமாப்பா?" அவர் மகன் எஃப்-1 விசாவில் எம்.எஸ். படிக்க வந்தவன். வீட்டுப் பத்திரத்தை வைத்து ஊர் வங்கியில் வாங்கிய கடன் அது. "அது வேற கடன், இது வேற கடன் சித்தப்பா" என்று சொல்லச் சங்கடமாக இருந்தது. இன்றும் அதே கேள்வியைப் பலர் கேட்கிறார்கள் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இங்கே பேசப்படுவது அமெரிக்க மத்திய அரசின் கல்வித்துறை நேரடியாகக் கொடுக்கும் ஃபெடரல் கடன். குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும்தான் பெரும்பாலும் இதை வாங்க முடியும். எஃப்-1 மாணவருக்குக் கிடையாது. இந்திய வங்கியில் வாங்கிய கடனுக்கோ தனியார் நிறுவனக் கடனுக்கோ கீழே சொல்லப்போகும் எதுவும் பொருந்தாது. ஆனால் பெற்றோர் எச்-1பி விசாவில் இருந்தாலும், அமெரிக்காவில் பிறந்து குடியுரிமை பெற்ற பிள்ளை தன் பெயரில் இந்தக் கடனை வாங்கலாம். பெற்றோரின் விசா அதற்குத் தடையில்லை. இது தெரியாமல், ஃபெடரல் கல்வி உதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பமே போடாத குடும்பங்கள் உண்டு.

கடன் வைத்திருப்போர் சுமார் 4 கோடி 30 லட்சம் பேர். மொத்த நிலுவை 1.6 லட்சம் கோடி டாலருக்கும் மேல். கொடுத்ததே அரசு என்பதால்தான் "அரசு நினைத்தால் தள்ளுபடி செய்யலாமே" என்ற பேச்சு எழுகிறது. தமிழ்நாட்டில் 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனை மாநில அரசு தள்ளுபடி செய்தது நினைவிருக்கும். முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார், நடந்தது. அமெரிக்காவில் அதிபர் அறிவித்தார், நடக்கவில்லை.

தவணை நின்றதும் தள்ளுபடி விழுந்ததும்

கொரோனா தொடங்கிய 2020 மார்ச்சில் ஃபெடரல் கல்விக்கடன் தவணைகளை நிறுத்தி, வட்டியையும் பூஜ்யமாக்கினார்கள். டிரம்ப் ஆட்சியில் தொடங்கியது, பைடன் ஆட்சியில் திரும்பத் திரும்ப நீண்டது. மூன்றரை ஆண்டுகள் யாரும் தவணை கட்ட வேண்டியிருக்கவில்லை. இந்த இடைவெளியில் படிப்பை முடித்து வேலைக்குப் போன பிள்ளைகள் பலர் ஒரு தவணைகூடக் கட்டிப் பழகாதவர்கள். தவணை திரும்பியபோது அதிகம் தடுமாறியதும் அவர்கள்தான்.

பைடன் அறிவித்தது இது: ஆண்டு வருமானம் 1,25,000 டாலருக்குக் குறைவாக இருந்தால் 10,000 டாலர் வரை தள்ளுபடி. ஏழை மாணவர்களுக்கான பெல் உதவித்தொகை பெற்றவர் என்றால் 20,000 டாலர் வரை. சுமார் 2 கோடி 60 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள் அல்லது தானாகவே தகுதி பெற்றார்கள். 1 கோடி 60 லட்சம் பேருக்கு ஒப்புதலும் ஆனது. செலவு சுமார் 40,000 கோடி டாலர் ஆகும் என்று நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகம் கணக்கிட்டது.

இதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது 2003-ல் வந்த ஹீரோஸ் சட்டம். இராக் போர்க்காலத்தில் படைவீரர்களை மனதில் வைத்து எழுதியது. தேசிய நெருக்கடியில் கல்விக்கடன் விதிகளைத் தளர்த்தவோ மாற்றவோ கல்வி அமைச்சருக்கு அதிகாரம் தருகிறது. ஆறு மாநிலங்கள் வழக்குப் போட்டன. வழக்குப் போட இவர்களுக்கு என்ன நஷ்டம் என்ற கேள்வி முதலில் எழுந்தது. மிசௌரி மாநிலம் உருவாக்கிய மொஹீலா என்ற அமைப்பு கடன்களை நிர்வகித்துக் கட்டணம் வாங்குகிறது. தள்ளுபடியானால் அதற்கு ஆண்டுக்கு சுமார் 4.4 கோடி டாலர் வருமானம் போகும், அது மிசௌரியின் நஷ்டம் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2023 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் திட்டத்தைச் செல்லாது என்றது. "மாற்றலாம்" என்றால் சின்னத் திருத்தம்தான், புதிய திட்டத்தையே எழுதிவிட முடியாது, அதை நாடாளுமன்றம்தான் செய்யவேண்டும் என்றார் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். வழக்குப் போடவே இந்த மாநிலங்களுக்குத் தகுதியில்லை, சட்டத்தின் சொற்கள் இந்தத் தள்ளுபடிக்கு இடம் தருகின்றன என்று மாறுபட்டு எழுதினார் நீதிபதி கேகன்.

அதே ஜூனில், அமெரிக்க அரசு வாங்கும் கடனின் உச்சவரம்பு பற்றிய ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாக, தவணை நிறுத்தத்தை இனி நீட்டிக்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. 2023 செப்டம்பர் 1 முதல் வட்டி ஓடத் தொடங்கியது, அக்டோபரில் தவணை. அப்புறம் ஓராண்டு, தவறிய தவணைகளை, ஒவ்வொருவரின் கடன் வரலாற்றையும் பதியும் கிரெடிட் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கவில்லை. அந்தச் சலுகை 2024 செப்டம்பருடன் முடிந்தது. பல பேருடைய கிரெடிட் ஸ்கோர் 2025 தொடக்கத்தில் திடீரென்று விழுந்ததற்குக் காரணம் இதுதான்.

குட்டி போடும் வட்டி

தள்ளுபடி நியாயமா என்ற விவாதத்தில் இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. கல்லூரிக்கே போகாத லாரி ஓட்டுநரின் வரிப்பணத்தில் பட்டதாரியின் கடனை ஏன் அடைக்கவேண்டும் என்று கேட்பவரை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிக் கடனை அடைத்து முடித்தவருக்கும் மனத்தாங்கல் இருக்கும். கல்லூரிக் கட்டணத்தைக் குறைக்காமல் கடனை மட்டும் துடைத்தால் அடுத்த ஆண்டு சேர்பவருக்கு அதே கடன்தானே என்பதும் சரியான கேள்வி.

ஆனால் எனக்குப் பொறுக்காதது வேறொன்று. 30,000 டாலர் கடன், 6 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 150 டாலர் வட்டியே ஓடும். வருமானத்தைப் பொறுத்துத் தவணை 90 டாலர் என்று அரசே முடிவு செய்தால், அதை ஒழுங்காகக் கட்டினாலும் மாதம் 60 டாலர் வட்டி பாக்கி நிற்கும். பத்து ஆண்டு தவறாமல் கட்டியவர் வாங்கியதைவிட அதிகமாகக் கடன்பட்டிருப்பார். இப்படிப்பட்டவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அசலையே திருப்பிக் கட்டியும் கடன் குறையாதவரின் மிச்சத்தைத் தள்ளுபடி செய்வதை இனாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் குறையைச் சரிசெய்ய 2023-ல் வந்ததுதான் சேவ் என்ற தவணைத் திட்டம். தவணைக்கு மேல் நிற்கும் வட்டியை அது விட்டுக்கொடுத்தது. அதையும் நீதிமன்றங்கள் 2024-ல் நிறுத்திவிட்டன. அதில் சேர்ந்திருந்த ஏறக்குறைய 80 லட்சம் பேர் தவணை கட்ட வேண்டாம் என்ற நிலையில் தொங்கினார்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல் அவர்கள் கடனில் மறுபடியும் வட்டி ஏறத் தொடங்கியது.

2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய சட்டம் இதையெல்லாம் மாற்றி எழுதியது. சேவ் 2028 ஜூலை 1-க்குள் முடிந்தாக வேண்டும் என்று அது விதித்தது. அது புதிதாகக் கொண்டுவந்தது ராப் என்ற தவணைத் திட்டம். அதன்படி வரிப்படிவத்தில் சில கழிவுகள் போக வரும் ஏ.ஜி.ஐ. வருமானத்தில் 1 முதல் 10 சதவீதம் வரை தவணை. சார்ந்திருக்கும் பிள்ளை ஒருவருக்கு மாதம் 50 டாலர் கழிவு. வருமானமே இல்லாவிட்டாலும் மாதம் 10 டாலர் கட்டவேண்டும். மிச்சம் தள்ளுபடியாக 30 ஆண்டுகள்.

45,000 டாலர் சம்பாதிக்கும், ஒரு குழந்தையைத் தனியாக வளர்க்கும் தாயை எடுத்துக்கொள்வோம். சேவ் திட்டத்தில், 2025-ன் வறுமைக்கோட்டுக் கணக்குப்படி, அவர் தவணை பூஜ்யம். ராப் திட்டத்தில் 4 சதவீதம், அதாவது மாதம் 150, குழந்தைக்கு 50 கழித்தால் 100 டாலர். ஆனால் ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்: மேலே சொன்ன அதே 30,000 டாலர் கடன் என்றால், பாக்கி நிற்கும் 50 டாலர் வட்டியை ராப்பும் விட்டுக்கொடுக்கிறது. அதோடு அரசு தன் பங்காக அசலில் மாதம் 50 டாலர் வரை குறைக்கிறது. நேரத்துக்குக் கட்டினால் கடன் குட்டி போடாது. இன்னொரு சிக்கல், வருமானப் படிகள். 40,000 டாலருக்கு மேல் 50,000 டாலர் வரை 4 சதவீதம். அதற்கு மேல் ஒரு டாலர் போனாலும் மொத்த வருமானத்துக்கும் 5 சதவீதம். அந்த ஒரு டாலருக்காக ஆண்டுக்கு 500 டாலர் கூடுதல் தவணை. விலைவாசி ஏறினாலும் இந்தப் படிகள் ஏறாது.

இன்னும் உயிரோடு இருக்கும் தள்ளுபடிகள்

எல்லோருக்குமான தள்ளுபடி விழுந்தது. ஆனால் பழைய சட்டங்களில் இருக்கும் தள்ளுபடிகளின் வழியாகவே பைடன் ஆட்சியில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் 18,000 கோடி டாலருக்கும் மேலான கடன் நீங்கியது. பெரிய தள்ளுபடி வரும் என்று காத்திருந்து, இருக்கிற தள்ளுபடியை விட்டவர்களைப் பார்க்கும்போதுதான் வருத்தமாக இருக்கிறது.

முக்கியமானது 2007-ல் வந்த பி.எஸ்.எல்.எஃப்., பொதுச்சேவைத் தள்ளுபடி. அரசு வேலையிலோ லாபநோக்கற்ற அமைப்பிலோ முழுநேரம் வேலை பார்த்துக்கொண்டு 120 மாதத் தவணை கட்டினால் மிச்சம் முழுவதும் போய்விடும், அதற்கு ஃபெடரல் வருமானவரியும் இல்லை. பள்ளி ஆசிரியர் மட்டுமல்ல, லாபநோக்கற்ற மருத்துவமனையில் ரெசிடென்சி செய்யும் டாக்டருக்கும் அந்த ஆண்டுகள் கணக்கில் சேரும். நம் பிள்ளைகளில் மருத்துவம் படித்தவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். 2017-18-ல் முதன்முதலாக விண்ணப்பித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் நிராகரிக்கப்பட்டார்கள். கடன் வகை தவறு, தவணைத் திட்டம் தவறு என்று பத்தாண்டு கழித்து அவர்களுக்குச் சொன்னார்கள். அதனால் ஆண்டுக்கொருமுறை முதலாளியிடம் சான்றிதழ்ப் படிவத்தில் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். எத்தனை தவணை எண்ணப்பட்டிருக்கிறது என்று ஃபெடரல் மாணவர் உதவித் தளத்தில் பாருங்கள்.

"குறைந்த வட்டிக்கு மாற்றித் தருகிறோம்" என்று தனியார் நிறுவனங்கள் கடிதம் போடும். ஃபெடரல் கடனைத் தனியாருக்கு மாற்றினால் பி.எஸ்.எல்.எஃப்., வருமானத்தைப் பொறுத்த தவணை எல்லாம் அன்றோடு போச்சு. திரும்ப வர வழியில்லை. "பணம் கட்டினால் தள்ளுபடி வாங்கித் தருகிறோம்" என்று போன் வந்தால் மோசடி. இதற்கான படிவங்கள் எல்லாமே இலவசம்.

கட்ட முடியவில்லை என்றால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். 270 நாள் கட்டாவிட்டால் கடன் முறிந்ததாக (டிஃபால்ட்) கணக்கு, முழுத் தொகையும் உடனே கேட்கப்படும். வரித் திருப்பித்தொகையை அரசு பிடித்துக்கொள்ளலாம். நீதிமன்றத்துக்குப் போகாமலே சம்பளத்தில் 15 சதவீதம் வரை எடுக்கவும் சட்டம் இடம் தருகிறது. முறிந்த கடன்கள் மீதான வசூலை ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு 2025 மே 5 அன்று அரசு மறுபடி தொடங்கியது. இந்தக் கடனுக்குக் காலாவதி என்பதே இல்லை. மீளும் வழி ஒன்று: வருமானத்துக்கேற்ற தொகையைப் பத்து மாதத்தில் ஒன்பது முறை நேரத்துக்குக் கட்டினால் கடன் மறுபடி ஒழுங்குக்கு வரும், கடன் முறிந்த பதிவும் கிரெடிட் அறிக்கையிலிருந்து நீங்கும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பேரன்ட் பிளஸ் கடன் உங்கள் பெயரில் இருக்கும். பிள்ளை வேலைக்குப் போனபின் அவன் பெயருக்கு மாற்ற ஃபெடரல் விதியில் இடமில்லை. 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்கு அதில் உச்சவரம்பு உண்டு: ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000. மேற்படிப்புக்கான கிராட் பிளஸ் கடன் அதே நாளிலிருந்து புதியவர்களுக்குக் கிடையாது. சாதாரண மேற்படிப்புக்கு மொத்தம் 1,00,000 டாலர், மருத்துவம், சட்டம் போன்றவற்றுக்கு 2,00,000 டாலர் வரைதான் ஃபெடரல் கடன் கிடைக்கும். மருத்துவக் கல்லூரிக் கட்டணம் பல இடங்களில் அதைத் தாண்டும். மிச்சத்துக்குத் தனியார் கடன் என்றால், அதில் மேலே சொன்ன எந்தத் தள்ளுபடியும் கிடையாது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இந்தக் கணக்கைப் பிள்ளையோடு உட்கார்ந்து போட்டுவிடுங்கள்.