தேயிலைச் சாயம் ஓவியமாகும்போது

மலையகத்து ஓவியர்கள் சிலர் தேயிலைச் சாயத்தையே வண்ணமாகக் கொண்டு வரைகிறார்கள். கண்காட்சியில் அப்படியொரு படத்தின் முன் நிற்பவர்கள் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தைப் பற்றியும் கொழுந்துக்கூடையைப் பற்றியும் பேசுவார்கள். அந்தப் பழுப்பு எங்கிருந்து வந்தது, ஏன் மண்டபத்துக்கு மண்டபம் வேறாகத் தெரிகிறது என்பதும் அதே அளவு பேச வேண்டிய விஷயம்.

பச்சைக் கொழுந்தில் அந்த நிறம் கிடையாது. வாட்டிய கொழுந்தை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ரோலரில் போட்டு உருட்டும்போது இலையின் கலங்கள் உடைகின்றன. அதுவரை பிரிந்து கிடந்த கட்டெச்சின் என்ற நிறமற்ற பொருள்களும் ஒரு நொதியமும் ஒன்றுசேர்கின்றன. காற்றின் ஒட்சிசனும் கூடியதும் தியாபிளேவின், தியாரூபிஜின் என்ற நிறப்பொருள்கள் உண்டாகின்றன. முன்னது பொன்மஞ்சள், பின்னது செம்பழுப்பு. இரண்டும் ஒளியின் ஊதா, நீலப் பகுதிகளை விழுங்கிவிடுவதால் மஞ்சளும் சிவப்புமே மிஞ்சி நம் கண்ணுக்கு வருகின்றன.

இதே சாயத்தில் தேசிக்காய்ப் புளி விட்டால் வெளிறும். அப்பச்சோடா போட்டால் கறுக்கும். துருப்பிடித்த ஆணியை ஊறவைத்தால் இரும்பு சாயத்திலுள்ள பொலிபீனோல் என்ற பொருள்களோடு பிணைந்து கருஞ்சாம்பல் நிறம் தரும். சமையலறைப் பொருள்களிலேயே இத்தனை சாயல் கிடைப்பது எனக்குப் பெரிய வியப்பு.

ஆனால் பழுப்பு என்று தனியாக ஓர் ஒளி உலகத்தில் இல்லை. வானவில்லில் தேடினாலும் கிடைக்காது. செம்மஞ்சள் ஒளி சுற்றியிருப்பதைவிட மங்கலாக இருந்தால்தான் நம் மூளை அதைப் பழுப்பாகக் காண்கிறது. வெள்ளைச் சுவரில் பழுப்பாகத் தெரியும் சாயக்கறை, இருட்டறையில் அதன்மேல் மட்டும் விளக்கு விழும்போது செம்மஞ்சளாக மாறித் தெரியும். அருகருகே உள்ள நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டுவதை, பாரிஸில் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் செவ்ரூல் 1839இல் விரிவாக எழுதினார். எனவே சுவருக்கு என்ன பெயின்ட் என்பதும் படத்தின் ஒரு பகுதிதான்.

விளக்கும் அப்படியே. மலிவான எல்இடி விளக்குகளில் நீலம் தூக்கலாகவும் ஆழ்ந்த சிவப்பு குறைவாகவும் இருக்கும். செம்பழுப்பு அவற்றின் கீழ் உயிரற்றுக் கிடக்கும். நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் நிறம் காட்டும் சுட்டெண் (CRI) 90க்கு மேலுள்ள விளக்கை வாங்குவதே நல்லது. மண்டபம் நடத்துபவர்கள் படச்சட்டத்துக்குச் செலவழிப்பதில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

நிறத்தைக் காட்டும் ஒளியே அதை அழிக்கவும் செய்கிறது. ஒளியின் ஆற்றல், குறிப்பாகப் புறஊதாக் கதிர், சாய மூலக்கூறுகளை உடைக்கிறது; உடைந்தது திரும்பாது. அதனால்தான் காகிதம், துணி போன்றவற்றுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் (பரப்பில் விழும் ஒளியை அளக்கும் அலகு) அளவு ஒளியையே வைக்கின்றன. எண்ணெய் வண்ண ஓவியத்துக்குச் சுமார் 200 வரை போகலாம். சேதம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வரும்: ஜன்னலோரத்தில் 5000 லக்ஸில் ஒரு மணி நேரம் இருப்பது, 50 லக்ஸில் 100 மணி நேரம் இருப்பதற்குச் சமம். நுவரெலியாவில் மூடுபனி நாளிலும் ஜன்னலுக்குத் திரை வேண்டும், ஏனெனில் பனி ஒளியைச் சிதறடிக்குமே தவிர முழுவதும் தடுக்காது.

வெளியிலிருந்து வருபவருக்கு 50 லக்ஸ் முதலில் இருட்டாகவே தோன்றும். வாசலிலிருந்து படிப்படியாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு போனால், சில நிமிடங்களில் கண் பழகிக்கொள்ளும்; பிறகு மெல்லிய சாயல்களும் பிடிபடத் தொடங்கும்.