பிடிஎஃப் அனுப்பும் முன்: பதிப்புரிமைச் சட்டம் என்ன சொல்கிறது?

புத்தகக் கண்காட்சி முடிந்த சூட்டோடு, அங்கே வெளியான நாவலின் ஸ்கேன் பிரதி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. அனுப்புகிறவர்களில் பலருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. நல்ல புத்தகம், நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் நினைக்கிறார்கள். சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பலர் தாங்களாகவே நிறுத்திவிடுவார்கள் என்று நம்புகிறேன்.

இந்தியாவில் இதற்கான சட்டம் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். எழுத்தாளர் வாழும் காலம் முழுவதும், அவர் இறந்தபின் 60 ஆண்டுகளும் நூலுக்குப் பாதுகாப்பு உண்டு. அந்த 60 ஆண்டு, இறந்த வருடத்துக்கு அடுத்த ஜனவரி 1-ல் தொடங்கும். சுஜாதா 2008-ல் காலமானார். அப்படியானால் அவர் எழுத்துகளுக்கு 2068 டிசம்பர் 31 வரை பதிப்புரிமை இருக்கிறது. புத்தகத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எழுதியதுமே உரிமை வந்துவிடுகிறது. 'இப்போது அச்சில் கிடைப்பதில்லை' என்பதால் உரிமை போய்விடாது. 'கல்வி நோக்கத்துக்கு மட்டும்' என்று முதல் பக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்பதும் தவறான நம்பிக்கை.

தண்டனை 63-ஆம் பிரிவில் இருக்கிறது. தெரிந்தே உரிமையை மீறினாலோ, மீறுவதற்குத் துணைபோனாலோ 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் காரணம் காட்டித் தண்டனையைக் குறைக்கலாம். ஆகவே "நான் காசு வாங்கவில்லையே" என்பது தண்டனையின் அளவைத்தான் குறைக்கும், குற்றத்தை இல்லாமல் ஆக்காது. இந்தக் குற்றம் ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத வகை, போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மின்னூலில் போட்டிருக்கும் பூட்டை உடைத்துப் பிரதி எடுப்பதற்கு 65ஏ பிரிவில் தனியாக 2 ஆண்டு வரை சிறை உண்டு.

தனிப்பட்ட உபயோகத்துக்கும் ஆய்வுக்கும் நியாயமான அளவில் பயன்படுத்த 52-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஒரு அத்தியாயத்தைக் குறிப்புக்காக நகல் எடுப்பது ஒன்று, திருட்டுப் பிரதியை முழுசாக இறக்கி நூறு பேருக்கு பார்வர்டு செய்வது வேறு. வழக்குகளும் பெரும்பாலும் பரப்புகிறவர்கள் மீதுதான் வருகின்றன. டெலிகிராமில் பெயர் தெரியாது என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. ஒரு பயிற்சி மைய ஆசிரியை தொடுத்த வழக்கில், அவருடைய பாடங்களைத் திருடிப் பரப்பிய சேனல்காரர்களின் தொலைபேசி எண், ஐபி முகவரி விவரங்களைக் கொடுக்கும்படி 2022 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் டெலிகிராம் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது.

இறக்குகிறவருக்கு உடனடி ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. புத்தகத்தின் பெயரில் வரும் கோப்பு பிடிஎஃப்தானா என்று கடைசி மூன்று எழுத்தைப் பாருங்கள். 'ஏபிகே' என்று முடிந்தால் அது புத்தகமே இல்லை, உங்கள் போனில் ஏற விரும்பும் செயலி. எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், ஓடிபி அதன் கைக்குப் போய்விடும். பணம் போனால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

எழுத்தாளருக்கு என்ன நஷ்டம் என்றும் பார்க்க வேண்டும். ராயல்டி வழக்கமாக 10 சதவீதம். 200 ரூபாய் நூலுக்கு 20 ரூபாய். தமிழில் பல நூல்கள் சில நூறு பிரதிகளே அச்சாகின்றன. அந்த அளவில் ஐம்பது பேர் வாங்காமல் விட்டாலே பதிப்பாளர் அடுத்த நூலுக்குத் தயங்குவார். எனக்கு இதுதான் சிறைத் தண்டனையைவிடப் பெரிய காரணம்.

சரி, காசில்லாதவர் படிக்கவே கூடாதா? தாராளமாகப் படிக்கலாம். பல எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து உரிமையைப் பொதுவாக்குவதுதான் இந்தத் திட்டம். பாரதியின் படைப்புகளின் உரிமையை அரசு 1949-லேயே வாங்கியது. இப்படிப்பட்ட நூல்களையும், உரிமைக்காலம் முடிந்த பழைய நூல்களையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் ஏற்றிய இலக்கியங்கள் கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: குறள் எல்லோருக்கும் பொது, ஆனால் போன வருடம் ஒருவர் எழுதிய உரை அவருக்குச் சொந்தம். மொழிபெயர்ப்புக்கும் இதே கதைதான். புதிய நூல்களுக்குச் சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம், அப்புறம் உங்கள் ஊர்க் கிளை நூலகம் இருக்கின்றன.

பார்வையற்றவர்கள், அச்சில் படிக்க முடியாதவர்களின் நிலை வேறு. அவர்களுக்காகப் பிரெயிலாகவோ ஒலிநூலாகவோ மாற்ற, லாப நோக்கம் இல்லாதபோது, 2012 திருத்தம் அனுமதிக்கிறது. சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் இவர்களுக்காகவே இயங்குகிறது.

உங்கள் நூலே திருட்டுப் பிரதியாக இணையத்தில் வெளியாகியிருந்தால், அதைத் தாங்கி நிற்கும் தளத்துக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். நூலின் பெயர், உரிமை உங்களுடையது என்பதற்கான விவரம், திருட்டுப் பிரதி இருக்கும் இணைப்பு ஆகியவற்றுடன், உரிய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பதாக உறுதியும் அதில் இருக்க வேண்டும். புகார் சரியாக இருந்தால் தளம் 36 மணி நேரத்துக்குள் அந்த இணைப்பை முடக்க வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வரவில்லை என்றால் திரும்பத் திறந்துவிடலாம் என்பதால், புகார் அனுப்பிய கையோடு வழக்கறிஞரையும் பார்த்துவிடுங்கள்.